பெரிய லேபிள் பக்கமே போகாமல் 'தி எக்ஸ்' இத்தனை வருடம் எப்படி ஓட்டினார்கள்?

இரைச்சல்பிரியன்:

போஸ்ட்-பங்க் (பங்க் ராக் அலையைத் தொடர்ந்து வந்த ராக் வகை) குழுக்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன், பெரும்பாலும் ஒரே கதைதான். ஜாய் டிவிஷன் இரண்டே ஆல்பம், இரண்டாவது கடைக்கு வருவதற்குள் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்துவிட்டார். யங் மார்பிள் ஜயண்ட்ஸ் 1980இல் ஒரே ஒரு ஆல்பம், அதோடு மூட்டை கட்டியாயிற்று. கேங் ஆஃப் ஃபோர் முதல் ஆல்பத்தையே இ.எம்.ஐ. என்கிற பெரிய லேபிளில் (இசைத்தட்டு நிறுவனத்தில்) போட்டார்கள், எண்பதுகளின் நடுவுக்குள் கலைந்துவிட்டார்கள். பிறகு இருபது வருடம் கழித்து மறுபடி சேர்ந்து பழைய பாட்டுகளை வாசிப்பது என்பது இந்த வகையில் கிட்டத்தட்ட சடங்காகவே ஆகிவிட்டது.

இந்தப் பட்டியலில் நெதர்லாந்தின் தி எக்ஸ் மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. 1979இல் ஆரம்பம், 2025இலும் புது ஆல்பம், நடுவில் கலையவே இல்லை, பெரிய நிறுவனம் எதனோடும் ஒப்பந்தம் இல்லை, ஹிட் என்று சொல்லிக்கொள்ள ஒரு பாட்டும் கிடையாது. கொள்கைப் பிடிப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதே கொள்கையோடு ஆரம்பித்த எத்தனையோ குழுக்கள் நாலு வருடத்தில் காணாமல் போயினவே? இவர்களுக்கு மட்டும் எது கைகொடுத்தது, பணமா, ஊரா, இசையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எந்த ஆல்பத்தில் ஆரம்பிப்பது என்றும் சொன்னால் நல்லது, அது ஒரு பெருங்கடலாக இருக்கிறது.

பழையகேசட்:

நல்ல கேள்வி நண்பா. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் இடம். ஆம்ஸ்டர்டாமும் அதற்கு வடக்கே வோர்மர் என்கிற சிற்றூரும். அப்போது ஆம்ஸ்டர்டாமில் வீட்டுக்குக் கடும் தட்டுப்பாடு, ஆனால் காலிக் கட்டடங்கள் ஏராளம். இளைஞர்கள் பூட்டை உடைத்துக் குடியேறினார்கள். 1980 மார்ச்சில் வோண்டெல்ஸ்ட்ராட்டில் தடுப்பு அரண்களை அகற்ற அரசு பீரங்கி வண்டிகளை இறக்கியது, அடுத்த மாதம் 30ஆம் தேதி ராணி பியாட்ரிக்ஸ் முடிசூட்டு நாளில் 'வீடில்லை என்றால் முடிசூட்டும் இல்லை' என்று கோஷம் போட்டு நகரமே கலவரமானது. தி எக்ஸ் முளைத்தது இந்தச் சூழலில்தான். சுவரில் ஸ்ப்ரே அடிக்கச் சீக்கிரம் முடிகிற பெயர் என்பதால்தான் இந்தப் பெயர் வைத்தார்கள் என்று சொல்வார்கள், யாருக்கு எந்தக் கருவி என்பதைக்கூடச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்களாம். அதாவது வாசிக்கத் தெரிந்தவர்கள் குழு சேர்க்கவில்லை, குழு சேர்ந்த பிறகுதான் வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

1980இல் முதல் ஆல்பம். அதற்குப் பிறகு அவர்கள் செய்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு. ஒன்று 1983இன் டிக்னிட்டி ஆஃப் லேபர், நான்கு ஏழங்குலத் தட்டுகள் ஒரு பெட்டியில். வோர்மரில் இருந்த வான் கெல்டர் காகித ஆலையின் கதை அது. உள்ளூரில் ஒரு ஆலை மூடப்பட்டால் ஒரு பாட்டு எழுதுவார்கள், இவர்கள் ஒரு பெட்டியே போட்டார்கள்! இரண்டாவது 1986இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கி 50 வருடம் ஆனபோது வந்தது. இரண்டு ஏழங்குலத் தட்டு, கூடவே 144 பக்கப் புகைப்படப் புத்தகம். ஸ்பெயினின் அனார்க்கிஸ்ட் (அரசு அதிகாரமே வேண்டாம் என்கிற) தொழிற்சங்கமான சி.என்.டி.யின் ஆவணக் காப்பகம் ஆம்ஸ்டர்டாமில் சமூக வரலாற்று நிறுவனத்தில்தான் இருக்கிறது, படங்கள் அந்தச் சேகரிப்பைச் சேர்ந்தவை. தட்டைவிடப் புத்தகம் பெரிது. எந்த லேபிள் அதிகாரி இதற்குத் தலையாட்டுவார்?

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பொருளை எப்படி வெளியிட வேண்டும் என்கிற முடிவு கடைசிவரை அவர்கள் கையிலேயே இருந்தது. பாடகர் ஜி.டபிள்யூ. சோக் அட்டை வடிவமைப்பையும் பார்த்துக்கொண்டார், பிறகு எக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாகவே லேபிள் வைத்துக்கொண்டார்கள். இப்படி எல்லாவற்றையும் தாங்களே செய்தால் லாபம் குறைவுதான், ஆனால் யாருக்கும் கடன் இல்லை. கடன் இல்லாத குழு கலைய வேண்டிய அவசியமும் இல்லை.

கணக்குப்பிள்ளை:

பழையகேசட் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை, அதை நான் சொல்கிறேன்.

வீட்டு வாடகை இல்லை என்றால் கொள்கையோடு இருப்பது சுலபம். அன்றைய நெதர்லாந்தில் வேலையில்லாதவர்களுக்கு அரசு உதவித்தொகை கிடைத்தது, ஆக்கிரமித்த கட்டடங்களில் இருந்த எத்தனையோ கலைஞர்கள் அதில்தான் காலம் தள்ளினார்கள். கச்சேரி அரங்குகளுக்கும் மானியம். ஆம்ஸ்டர்டாமின் பாரடிசோ 1968இல் ஆரம்பித்தபோதே இளைஞர் மையமாக நகராட்சி ஆதரவோடுதான் ஆரம்பித்தது. சின்னச் சின்ன ஊர்களிலும் இப்படி இளைஞர் மையங்கள் இருந்தன. ஒரு குழு வேனில் ஏறினால் ஒரு வாரத்தில் நாட்டைச் சுற்றி வந்துவிடலாம், போகிற இடத்தில் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். இங்கிலாந்தில் அதே காலத்தில் தாட்சர் ஆட்சி. அங்கேயும் உதவித்தொகை இருந்தது, உண்மைதான், ஆனால் அரங்குக்கு மானியம் என்கிற இந்த ஏற்பாடு அங்கே இல்லை. அதனால் லண்டன் குழு ஒன்றுக்கு லேபிள் முன்பணம் உயிர்நாடி. ஆம்ஸ்டர்டாம் குழுவுக்கு அப்படி இல்லை.

முன்பணம் என்பது பரிசு இல்லை, கடன். ஸ்டுடியோ செலவு, வீடியோ செலவு, வேன் வாடகை எல்லாம் அதில் எழுதப்பட்டு, ராயல்டி (விற்பனையில் குழுவின் பங்கு) அந்தப் பள்ளத்தை நிரப்பிய பிறகுதான் குழுவின் கைக்குக் காசு வரும். ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993இல் ஒரு கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். இரண்டரை லட்சம் பிரதிகள் விற்கும் ஒரு கற்பனைக் குழு, எல்லாம் கழிந்து ஆளுக்கு நாலாயிரம் டாலர் சொச்சம். அதே அல்பினிதான் பிற்பாடு சிகாகோவில் இவர்களுடைய ஸ்டார்ட்டர்ஸ் ஆல்டர்னேட்டர்ஸ் ஆல்பத்தை (1998) பதிவு செய்தார், அப்புறம் டிஸ்ஸி ஸ்பெல்ஸ் (2001). அவர் ராயல்டியில் பங்கு கேட்கமாட்டார், உழைத்த நாளுக்குக் கூலி, அவ்வளவுதான். அமெரிக்காவில் வெளியிட்ட டச் அண்ட் கோ லேபிளும் செலவு போக மிச்சத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ளும் இடம். ஆக, இவர்கள் லேபிள் பக்கமே போகவில்லை என்பது சரியில்லை. போனார்கள், ஆனால் கணக்குப் புரிந்த லேபிளாகப் பார்த்துப் போனார்கள்.

2010 அக்டோபர் 1 முதல் நெதர்லாந்தில் காலிக் கட்டடத்தில் குடியேறுவது குற்றம். இன்றைக்கு அங்கே இருபது வயதில் ஒருவர் இப்படி ஒரு குழுவை ஆரம்பித்து அதே வழியில் போக முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் இதை நெஞ்சுரக் கதையாக மட்டும் சொல்லாதீர்கள்.

தாளக்கட்டு:

கணக்கு அண்ணா, உங்கள் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒன்று இடிக்கிறது. அதே ஊரில், அதே உதவித்தொகையில், அதே அரங்குகளில் வாசித்த மற்ற டச்சு பங்க் குழுக்கள் எங்கே? மலிவான வாடகை ஒரு குழுவை ஐந்து வருடம் காப்பாற்றும். நாற்பத்தைந்து வருடம் காப்பாற்றாது. அதற்கு இசை வேண்டும்.

என் காதுக்கு எல்லாம் மாறியது 1984இல், கத்தரினா போர்னெஃபெல்ட் டிரம்ஸுக்கு வந்தபோது. அவர் வாசிப்பது ராக் டிரம்ஸே இல்லை. சிம்பலைத் தேவையில்லாமல் தொடமாட்டார், டாம் முரசுகளிலும் மணியிலும் ஒரு தாள வட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வருவார், அப்படியே பாடவும் செய்வார். அதற்கு மேலே கிதார்கள் ஸ்வரம் வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை, தாளமாகவே இருந்தால் போதும். டெர்ரி ஹெசெல்ஸ் கிதாரை ஸ்க்ரூடிரைவராலும் டிரம் குச்சியாலும் வதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் ரகளையாகத் தெரியும், ஆனால் தாளத்தை ஒரு இடத்திலும் விடமாட்டார். 1990இல் எடின்பரோவின் டாக் ஃபேஸ்டு ஹெர்மன்ஸ் குழுவிலிருந்து ஆண்டி மூர் இன்னொரு கிதாரோடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து இந்த மூவரும்தான் குழுவின் முதுகெலும்பு.

இன்னொரு விஷயம், வேறு எந்தக் குழுவும் இவ்வளவு துணிந்து செய்யவில்லை என்று நினைக்கிறேன். கொஞ்ச காலத்துக்கு ஒருமுறை, தங்களைவிடப் பல மடங்கு வாசிக்கத் தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து கூட்டிவந்து நடுவில் உட்கார வைத்துவிடுவார்கள். 1989இன் ஜாகர்ஸ் அண்ட் ஸ்மாகர்ஸில் ஆம்ஸ்டர்டாம் ஜாஸ் உலகத்தவர்களும் நியூயார்க் ராக் குழுவான சோனிக் யூத்தின் கிதார்காரர்களும் வந்து போகிறார்கள். 1991இல் நியூயார்க் செல்லோ கலைஞர் டாம் கோராவோடு ஸ்க்ராப்ளிங் அட் தி லாக். அந்த ஆல்பத்தில் கத்தரினா ஒரு ஹங்கேரிய நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறார், செல்லோ பக்கத்தில் அழுதுகொண்டே வருகிறது, பங்க் குழுவின் தட்டு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 1993இல் அவரோடேயே இன்னொன்று. கோரா 1998இல் இறந்துவிட்டார்.

அப்புறம் எத்தியோப்பியா. 2002இல் அங்கே போய் வாசித்தார்கள். கெட்டாச்சு மெக்குரியா என்கிற சாக்ஸபோன் கலைஞர், 1935இல் பிறந்தவர், அடிஸ் அபாபா நகராட்சி இசைக்குழுவில் வளர்ந்தவர். ஷிலேலா என்கிற போர்முழக்கப் பாட்டை, மனிதக் குரலில் பாடுகிற அதை, சாக்ஸபோனுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 2004இல் தங்கள் 25ஆம் ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்தார்கள். வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவரே, என் அடுத்த ஆல்பத்துக்கு நீங்கள்தான் பக்கவாத்தியம் என்று சொல்லிவிட்டார். அதுதான் 2006இல் டெர்ரியின் டெர்ப் லேபிளில் வந்த மோவா அன்பெஸ்ஸா. எழுபது வயது பெரியவர் முன்னால் நின்று முழங்குகிறார், பின்னால் ஒரு பங்க் குழுவும் காற்றுக் கருவிகளும். எத்தியோப்பிய இசை ஐந்து ஸ்வர அளவுகளில் நடப்பது. அவற்றில் டிஸிட்டா என்கிற அளவின் ஒரு வகை அப்படியே நம் மோகனத்தின் ஸ்வரங்கள்தான், அதனால் நம் காது அந்நியம் என்று நினைக்கவே நினைக்காது. இந்தக் குழு தாளம், தாளம் என்று 20 வருடம் அடித்துப் பழகியது இந்த ஒரு சந்திப்புக்காகத்தானோ என்றுகூட எனக்குத் தோன்றும். 2012இல் அவரோடு இரண்டாவது ஆல்பமும் வந்தது, 2016இல் அவர் காலமானார்.

எத்தியோப்பியா பக்கம் போய் ஒரு மெட்டைத் திருடிக்கொண்டு வந்து ஆல்பம் போட்ட மேற்கத்தியர்கள் நிறைய. இவர்கள் அவருடைய ஆல்பத்தில், அவருடைய பெயருக்குப் பின்னால், பக்கவாத்தியமாக நின்றார்கள். எனக்கு அந்த வித்தியாசம் பெரிது.

இரைச்சல்பிரியன்:

அடேயப்பா, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்களே, பாடகரே போன பிறகும் அது அதே குழுதானா? இங்கிலாந்தின் தி ஃபால் குழு மாதிரி, பாடகர் மார்க் ஈ. ஸ்மித் ஒருவர் இருந்தால் போதும், மீதி யார் வந்தாலும் போனாலும் சரி என்கிற கணக்கா இதுவும்?

பழையகேசட்:

நேர் எதிர். ஃபாலில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து போனார்கள், போனவர்களில் பலர் துரத்தப்பட்டவர்கள். 1998இல் நியூயார்க் மேடையிலேயே அடிதடி ஆகி, ஸ்டீவ் ஹான்லி போன்ற பழைய ஆட்களே விலகிப் போனார்கள். அங்கே குழு என்பது ஒரு மனிதரின் குரல். 2018 ஜனவரியில் அவர் இறந்ததும் குழுவும் முடிந்தது.

தி எக்ஸில் முதலாளி கிடையாது. சோக் 30 வருடம் பாடிவிட்டு 2009இல் விலகினார். அதற்குமுன் 2002இல் பேஸ் வாசித்த லூக் போனபோது, டபுள் பேஸோடு ரோஸ்மேரி ஹெக்கன் கொஞ்ச காலம் இருந்தார். அவரும் போனதும் பேஸே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், கீழ் ஸ்வரங்களைப் பாரிடோன் கிதார் (வழக்கமான கிதாரைவிடத் தாழ்ந்த ஸ்ருதி) பார்த்துக்கொண்டது. சோக் இடத்துக்கு வந்த ஆர்னால்ட் டி பூர் பாடுவதோடு மூன்றாவது கிதாரும் ஆனார். ஆனால் அவரை சோக் மாதிரி பாடச் சொல்லவில்லை, பழைய பாட்டுகளைப் பாடவும் சொல்லவில்லை. புதிதாகப் பாட்டு எழுதினார்கள். எப்போதுமே மேடையில் புதுப் பாட்டுகள்தான் அதிகம், பல மாதம் மேடையில் வாசித்துப் பழக்கிய பிறகுதான் ஸ்டுடியோவுக்கே போவார்கள். 2018இன் 27 பாஸ்போர்ட்ஸ் கேட்டுப் பாருங்கள், மூன்று கிதார், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் பேஸ் இல்லை என்பதே மறந்துவிடும்.

1979இலிருந்து இன்றுவரை இருப்பவர் டெர்ரி மட்டும்தான். ஆனால் குழு அவருடையது என்று யாரும் சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை.

ஆறாம்நரம்பு:

கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேசுகிறேன். விலைபோகாத குழு என்று ஒருவரைக் கொண்டாடினால் மற்றவர்கள் எல்லாம் விலைபோனவர்கள் ஆகிவிடுகிறார்கள். சம்பாவாம்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். லீட்ஸ் அனார்க்கிஸ்ட் குழு, எண்பதுகளில் தி எக்ஸோடு சேர்ந்து ஆன்டிடோட் என்ற பெயரில் பாசிச எதிர்ப்புத் தட்டு ஒன்று போட்டவர்கள். இ.எம்.ஐ.யைக் கெட்ட வார்த்தையில் திட்டும் தலைப்போடு 1989இல் வந்த தொகுப்பிலும் இருந்தார்கள். அதே இ.எம்.ஐ.யோடு 1997இல் கையெழுத்துப் போட்டார்கள், டப்தம்பிங் என்ற பாட்டு இங்கிலாந்துத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. பழைய கூட்டாளிகள் துரோகி என்றார்கள். பிற்பாடு ஜெனரல் மோட்டார்ஸ் கார் விளம்பரத்துக்கு பாஸ் இட் அலாங் என்ற வேறொரு பாட்டைக் கொடுத்து, அந்தப் பணத்தைப் பெரு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்புகளுக்கே கொடுத்தார்கள், அதில் ஜெனரல் மோட்டார்ஸும் கண்காணிக்கப்படும் நிறுவனம். எனக்கு அது பிடித்திருந்தது. தி எக்ஸ் செய்யாத ஒன்று அது. தூரத்தில் நின்று கை சுத்தமாக வைத்துக்கொள்வதும், உள்ளே போய்ப் பணத்தைப் பிடுங்கி வெளியே எறிவதும் இரண்டுமே வழிதான்.

கணக்குப்பிள்ளை:

பிடுங்கியது சரி, ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் குழுவாக என்ன ஆனார்கள்? ஒரே பாட்டின் குழுவாக உலகத்துக்குத் தெரிந்தார்கள், 2012இல் முடித்துக்கொண்டார்கள். முப்பது வருடம் வந்தது நல்ல ஓட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஹிட் வந்தால் அடுத்த ஆல்பத்தை அதோடு ஒப்பிடுவார்கள், வாசிக்கிற இடம் பெரிதாகும், கூட வருகிற ஆட்கள் கூடுவார்கள், செலவு கூடும். பெரிய இடத்திலிருந்து சின்ன இடத்துக்குத் திரும்ப வருவது மானப் பிரச்சினை ஆகிவிடும். தி எக்ஸுக்கு அந்தச் சிக்கலே வரவில்லை. இருநூறு பேர் அறையில் ஆரம்பித்தார்கள், இன்றும் அந்த அளவு அறையில் வாசிக்க அவர்களுக்குக் கூச்சம் இல்லை. என் கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, இன்றைக்கு ஆரம்பிக்கிற ஒரு குழு வாடகைக்கு எங்கே போகும்?

தாளக்கட்டு:

அதற்குப் பதில் என்னிடம் இல்லை அண்ணா. ஆம்ஸ்டர்டாம் வாடகையை ஷிலேலா பாடிக் குறைக்க முடியாது :)

இரைச்சல்பிரியன், நீங்கள் கேட்ட இன்னொரு கேள்விக்கு வருகிறேன். மோவா அன்பெஸ்ஸாவில் ஆரம்பியுங்கள், பிறகு ஸ்க்ராப்ளிங் அட் தி லாக், பிறகு ஸ்டார்ட்டர்ஸ் ஆல்டர்னேட்டர்ஸ். எண்பதுகளின் முதல் ஆல்பங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சத்தமும் கோஷமும் அதிகம், பயந்து ஓடிவிடுவீர்கள்.

பழையகேசட்:

இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பெயரே இரைச்சல்பிரியன், அவரைப் போய்ச் சத்தத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்களா? 1982இன் ஹிஸ்டரி இஸ் வாட்ஸ் ஹேப்பனிங்கில் ஆரம்பியுங்கள் நண்பா. பாட்டு ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு நிமிடம், கிதார் தகரத்தைக் கிழிக்கிறது, சோக் பாடவே இல்லை, கத்துகிறார். அதைக் கேட்டுவிட்டு உடனே மோவா அன்பெஸ்ஸாவைப் போடுங்கள், நடுவில் எதுவும் வேண்டாம்.